விஞ்சு வந்த வழி

பினாங்கில் விஞ்சு என்று சொன்னதும் யாருக்கு எது ஞாபகம் வருகிறது என்பதை வைத்தே அவர் வயதைச் சொல்லிவிடலாம். எழுபதைத் தாண்டியவருக்குக் கப்பல். அறுபதை ஒட்டியவருக்குக் காட்டு மரம் இழுத்த பழைய பட்டாளத்து லோரி. நாற்பதுக்குக் கீழே என்றால் ஹைலக்ஸ் பிக்கப்பின் முன்பக்கம் மாட்டியிருக்கும் 12 வோல்ட் மோட்டார். எங்கள் குடும்பம் மூன்றிலும் கை வைத்திருக்கிறது. அத்தா கப்பல் விஞ்சுக்காரர். நான் வண்டி வயரிங் பார்க்கிறவன். பிக்கப்புகளுக்குக் கழற்றி மாட்டுகிற மாதிரி விஞ்சு பொருத்திக் கொடுப்பதில்தான் இப்போது என் பிழைப்பில் பாதி ஓடுகிறது. கயிற்றைச் சுருட்டிச் சுமையை இழுக்கும் இந்த இயந்திரம் இந்தத் தீவில் எங்கிருந்து எங்கே வந்தது என்று எழுதக் கொஞ்சம் உரிமை எனக்கு உண்டு.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை டன் இழுக்கும், பாஸ்?" இழுப்பது இதில் சுலபமான பாதி. இழுத்ததை, தூக்கியதை நழுவ விடாமல் நிறுத்திப் பிடிப்பதற்குத்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக மூளை செலவாகியிருக்கிறது. ஆட்கள் அடிபட்டதும் பெரும்பாலும் அங்கேதான். இந்தக் கதையை நான் அந்தப் பக்கமிருந்துதான் பார்க்கிறேன்.

கயிற்றிலிருந்து தொடங்கலாம். ஜார்ஜ் டவுனில் ரோப் வாக் என்று ஒரு தெரு உண்டு. மலாயில் ஜாலான் பிந்தால் தாலி. பாய்மரக் கப்பல் காலத்தில் அங்கே கயிறு திரித்தார்கள். கயிறு திரிக்க நீளமான, நேரான இடம் வேண்டும். அதனால்தான் ஒரு தெருவே அதற்குப் போயிற்று. அந்தக் காலத்துக் கப்பலில் சுமையை ஏற்றி இறக்கியது ஆள் பலம். கட்டை உருளையில் கம்புகளைச் செருகி, ஆட்கள் சுற்றிச் சுற்றி நடந்து கயிற்றைச் சுருட்டுவார்கள். பின்னால் அதே தெரு பழைய சாமான் சந்தையாகிவிட்டது. சந்தை அங்கிருந்து லோரோங் கூலிட்டுக்கு மாறும் முன் பழைய மீட்டர்களையும் செம்பு முனைகளையும் நான் அங்கேதான் பொறுக்கினேன்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகின. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் குவே எழுந்தது. 1904-இல் சுவெட்டன்ஹாம் துறைமேடை முடிந்தது. அப்படியும் எல்லாக் கப்பலுக்கும் கரையில் இடம் கிடையாது. தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களிலிருந்து சரக்கைத் தொங்கான் என்ற சரக்குப் படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் கிரேன் இல்லாத இடத்தில் கப்பலேதான் தன் கையால் தன் சரக்கை எடுத்துப் போட வேண்டும். அந்தக் கைதான் டெரிக் என்ற தூக்குக் கம்பமும் விஞ்சும்.

அந்தக் கையை ஆட்டியவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். கிங் தெரு, பினாங்கு தெருப் பக்கம் இருந்த கிட்டங்கிகளில் ஒரு பாய், ஒரு பெட்டி, சுவரில் ஓர் ஆணி என்று தங்கிக்கொண்டு, வேலைக்கு ஆள் திரட்டும் தண்டல் கூப்பிட்ட கப்பலுக்குப் போவார்கள். விடியுமுன் காவடி மாதிரி தோளில் சுமந்து வரும் நாசி கண்டார் சோறு. பிறகு மோட்டார் படகு. அத்தா ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். 1953-இல் குடியேற்றச் சட்டம் இறுகுவதற்குக் கொஞ்சம் முன்னால், நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தார். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. 1973 வரை இந்தத் தடத்தில் ஓடியது. நாகையில் அது கரைக்கு வராது, படகில் போய்த்தான் ஏற வேண்டும். கடலில் நின்ற கப்பலில் படகிலிருந்து ஏறித்தான் அத்தா ஊரை விட்டார். பிறகு வருஷக் கணக்கில் கடலில் நின்ற கப்பலுக்குப் படகில் போய்த்தான் சம்பாதித்தார்.

முதலில் கப்பலின் கிடங்குக்குள் மூட்டை அடுக்கினார். பிறகு விஞ்சுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். அது கூலியிலும் மரியாதையிலும் ஒரு படி உயர்வு.

நீராவி விஞ்சைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய இரட்டை சிலிண்டர் இயந்திரம். நடுவில் கம்பிக்கயிறு சுற்றும் டிரம். ஒரு கையில் நீராவி வால்வு, இன்னொரு கையில் முன்னும் பின்னும் திருப்புகிற நெம்புகோல், காலடியில் பிரேக். காலையில் முதல் வேலை, வடிகால் குழாய்களைத் திறந்து சிலிண்டருக்குள் குளிர்ந்து தேங்கிய தண்ணீரை வெளியே விடுவது. அதைச் செய்யாமல் நீராவியைத் திறந்தால், தண்ணீர் அமுங்காதே, சிலிண்டர் மூடி பிளந்துகொண்டு போகும். குழாய்கள் தளத்தோடு ஓடும். தெரியாமல் கால் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அத்தாவின் இடது கணுக்காலில் கடைசி வரை ஒரு பளபளப்பான தழும்பு இருந்தது.

நீராவியை அடைத்துவிட்டால் சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும் என்று நினைக்கக் கூடாது. வால்வு கொஞ்சம் கசியும், சிலிண்டரில் அழுத்தம் இறங்கும், சுமை மெல்ல மெல்லக் கீழே வரும். காலால் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். பிரேக் பட்டையில் எண்ணெய் பட்டிருந்தால் அதுவும் வழுக்கும். கீழே, கிடங்கின் அடியில், தலைக்கு நேர் மேலே சரக்கு தொங்க ஆட்கள் நிற்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல். ஒரே டெரிக்கால் சரக்கை மேலே தூக்கலாம், பக்கவாட்டில் சட்டென்று கொண்டுபோக முடியாது. அதனால் இரண்டு டெரிக்கைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஒன்று கிடங்கு வாய்க்கு நேர் மேலே, மற்றது கப்பலுக்கு வெளியே தொங்கானுக்கு மேலே. இரண்டு கம்பிகளும் ஒரே கொக்கியில் வந்து சேரும். முதல் விஞ்சு தூக்கும். தூக்கியதும் இரண்டாவது இழுக்க, முதலாவது அதே அளவுக்குத் தளர்த்திக் கொடுக்கும். சரக்கு தளத்தைத் தாண்டி வெளியே போனதும் இரண்டாவது இறக்கும். இருவரில் யாராவது அவசரப்பட்டாலோ தயங்கினாலோ கம்பி விறைக்கும். இரண்டு கம்பிக்கும் நடுவே கோணம் 120 பாகையைத் தொடும்போது, ஒவ்வொரு கம்பியும் பாதிச் சுமையையல்ல, முழுச் சுமையையும் தாங்குகிறது. அதற்கு மேலே கோணம் விரிந்தால் சுமையை விட அதிகம். அத்தாவுக்குக் கோணக் கணக்கெல்லாம் தெரியாது. "கம்பி படுக்கக் கூடாது, படுத்தா அறுக்கும்," என்பார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

விஞ்சுக்காரருக்குக் கிடங்கின் அடி கண்ணுக்குத் தெரியாது. கிடங்கு வாயில் நிற்கிற சிக்னல்காரரின் கை மட்டும்தான் தெரியும். "ஆரியா" என்று சத்தம் கேட்டால் இறக்க வேண்டும். ஆனால் நீராவி இரைச்சலில் சத்தத்தை நம்ப முடியாது, கையைத்தான் நம்ப வேண்டும். அரிசி மூட்டை, ரப்பர் கட்டு, டத்தோ கெராமாட் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் ஆலையின் வெள்ளீயக் கட்டி என்று எதை ஏற்றி இறக்கினாலும், தான் பார்க்காத ஒன்றை, இன்னொருவர் விரல் அசைவுக்கு ஆட்டிக்கொண்டிருந்தார் அத்தா. வேலை முடிந்து வந்தும் வீட்டில் அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார், கையைத்தான் பார்ப்பார் என்று உம்மா கேலி செய்வார்.

துறைமுகத்தின் அந்த வாழ்வு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. 1956-இல் பினாங்குத் துறைமுக ஆணையம் வந்தது. 1969-இல் தீவின் வரியில்லாத் துறைமுகத் தகுதி போயிற்று. 1970களில் பட்டர்வொர்த் பக்கம் ஆழமான துறைமேடைகளும் கொள்கலன்களும் வந்தபோது, நடுக்கடலில் தொங்கானில் சரக்கு இறக்குவதற்கு அர்த்தமில்லாமல் போயிற்று. கிட்டங்கிகள் காலியாயின. 1972-இல் பாயான் லெப்பாஸில் திறந்த தொழிற்பேட்டைக்கு விஞ்சுக்காரர்களின் பெண்பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், வண்டி வயரிங் பழகப் போனேன்.

இதற்கிடையில் கொடிமலைக் கயிற்று ரயிலைச் சொல்லாமல் விட முடியாது. இந்தத் தீவிலேயே பெரிய விஞ்சு கடலில் இல்லை, மலை மேலே இருந்தது. ரயில் வருமுன் வெள்ளைக்காரர்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலி தூக்கியவர்களும் சிப்பாய்களும் கும்பிட்ட இடம் என்று உச்சியிலுள்ள அருளொளித் திருமுருகன் கோயிலைச் சொல்வார்கள். 1897-இல் தொடங்கிய முதல் ரயில் முயற்சி படுதோல்வி. போட்ட பாதை உருப்படவில்லை. பிறகு மலாய் மாநிலங்களின் ரயில்வே பொறியாளர் ஆர்னல்ட் ஜான்சன் சுவிட்சர்லாந்து போய்ப் படித்துவிட்டு வந்தார். சுமார் 15 லட்சம் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் செலவில் வேலை நடந்தது. 1923 அக்டோபரில் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1-ஆம் தேதி ஆளுநர் கில்லமார்ட் முறைப்படி திறந்து வைத்தார்.

பாதை இரண்டு துண்டு. பாதி மலையில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் கம்பிக்கயிற்றின் இரு முனையில் இரண்டு வண்டி: ஒன்று இறங்க ஒன்று ஏறும், நடுவில் விலகிக்கொள்ளும். இறங்குகிற எடையே ஏறுகிற எடையில் பெரும்பங்கைத் தூக்கிவிடுவதால், மேலே உள்ள மோட்டார் வித்தியாசத்தை மட்டும் இழுத்தால் போதும். ஆகவே அங்கேயும் இழுப்பு பெரிய காரியமில்லை. செங்குத்தான இடத்தில் சரிவு 51 விழுக்காட்டுக்கு மேல். பாகையில் சொன்னால் ஏறத்தாழ 27. அங்கே கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடையாக, கயிறு தளர்ந்தவுடன் வண்டியே தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிரேக்கைச் சேர்த்தார்கள். கயிற்று ரயில் என்ற தொழில்நுட்பம் மக்கள் நம்பி ஏறும்படி ஆனது அந்தக் கவ்வலால்தான் என்பது என் எண்ணம். 1977-இல் வண்டிகள் மாறின. 2010 பிப்ரவரியில் பழைய பாதையையே மூடிப் பிரித்தார்கள். 2011-இல் நூறு பேர் ஏறும் சுவிஸ் வண்டி, மாறாமல் இறங்காமல் நேரே உச்சிக்குப் போகத் தொடங்கியது. முன்பு அரை மணி நேரம் ஆன பயணம் இப்போது சில நிமிஷம். பழைய வண்டியின் மர இருக்கையில் உட்கார்ந்து பெரணிச் செடியைத் தொட்டுக்கொண்டு போன சுகம் இதில் இல்லை. ஆனால் பிரேக் விஷயத்தில் பழையதுக்காக நான் அழ மாட்டேன்.

விஞ்சு வண்டி மேலே ஏறியது பட்டாளத்தால். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் டாட்ஜ், ஜிஎம்சி லோரிகளின் மூக்கிலேயே விஞ்சை வைத்தார்கள். கியர்பெட்டியிலிருந்து ஒரு தண்டு வந்து அதைச் சுற்றும். எஞ்சின் ஓடினால்தான் இழுக்கும். உள்ளே இருக்கும் பல்லமைப்பு ஒரு பக்கமிருந்து மட்டும் சுற்ற விடும் குணம் கொண்டது. எஞ்சின் பக்கமிருந்து டிரம்மைச் சுற்றலாம், டிரம் பக்கமிருந்து எஞ்சினைச் சுற்ற முடியாது. எஞ்சின் நின்றாலும் பிடி விடாது. சுமை மிஞ்சினால் முறியட்டும் என்றே மென்மையான ஒரு பின் வைத்திருப்பார்கள். அது அடிக்கடி முறிகிறதே என்று சலித்துக்கொண்டு அந்த இடத்தில் கெட்டியான எஃகு போல்ட்டை அடித்துவிடுவது நம்மூர்ப் பழக்கம். பின் முறிய வேண்டிய இடத்தில் பிறகு தண்டு முறியும், இல்லையென்றால் கயிறு.

போர் முடிந்து ஏலத்துக்கு வந்த அந்த லோரிகளைக் காட்டு மரம் வெட்டுகிறவர்கள் வாங்கினார்கள். சான் தாய் ஓங் என்று சீனர்கள் பெயர் வைத்த வண்டி அதுதான்: கதவு இல்லை, கூரை பாதி இல்லை, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் விஞ்சு. காட்டுக்குள் மரத்தைத் தானே இழுத்துத் தன் முதுகில் தானே ஏற்றிக்கொண்டு சாலை வரை வரும். கெடாவில் சிக், பாலிங் பக்கத்து வண்டிகளின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் சாக்கில் சுற்றி எங்கள் தவுக்கே கடைக்கு வரும். திறந்தால் உள்ளே அரைக் கிலோ செம்மண் இருக்கும். நான் கற்றுக்கொண்டது அவற்றில்தான்.

மின்சார விஞ்சு வேறு ஊர்க் கதை. 1948-இல் சியாட்டிலில், பட்டாளத்து ஜீப்புகளைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றும் சக்கரப் பூட்டுகளைச் செய்யத் தொடங்கிய ஆர்தர் வார்னின் நிறுவனம், 1959-இல் சொந்த வண்டிக்காரர்களுக்கான பேட்டரி விஞ்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே அது பரவலாக வர இன்னும் பல வருஷம் பிடித்தது. ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள் பெருகி, 1997-இல் இந்த நாட்டிலேயே மழைக்காட்டு வண்டிப் போட்டி தொடங்கி, சேற்றில் மாட்டுவதைப் பணம் கொடுத்து அனுபவிக்கிற கூட்டம் ஒன்று உருவான பிறகுதான் என் கடைப் பக்கம் விஞ்சு அடிக்கடி வந்தது. கடை அப்போது நகருக்குள் இல்லை. பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிவுக்கு வந்தபோது உள்நகரத்துச் சின்னப் பட்டறைகள் பல வெளியேறின. நானும் ஜெலுத்தோங் பக்கம் போய்விட்டேன். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் ஏறியபோது கிட்டங்கி இருந்த கட்டடங்களில் காப்பிக்கடை வந்துவிட்டது.

கழற்றி மாட்டுகிற விஞ்சைக் கேட்டு வருகிறவர்கள் போட்டிக்காரர்களைவிட பாலிக் புலாவ் பக்கத்து டுரியான் தோட்டக்காரர்கள்தான். அவர்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. நிரந்தரமாக மாட்டினால் முன் அச்சின் மேல் ஐம்பது கிலோவுக்கு மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும். மழையும் கடற்காற்றும் தின்னும். நகருக்குள் போனால் திருடன் பார்ப்பான். எல்லாவற்றையும்விட, தோட்டத்துச் சரிவில் வண்டி மூக்கைக் கீழே வைத்து மாட்டிக்கொண்டால் முன்பக்க விஞ்சால் என்ன லாபம்? பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். ஒரே விஞ்சை முன்னும் பின்னும் மாட்டினால் இரண்டுக்கும் ஆகும்.

வேலையின் இரும்புப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விஞ்சை ஒரு கெட்டித் தகட்டுத் தொட்டிலில் போல்ட் போட்டு, அதன் அடியில் இரண்டு அங்குலச் சதுரக் கம்பியைப் பற்ற வைக்கிறோம். வண்டியின் முன்னும் பின்னும் அதே அளவுச் சதுரக் குழாய், சேசிஸ் சட்டத்தோடு பிணைத்தது. பம்பரோடு பிணைத்தால் பம்பர்தான் வெளியே வரும். உள்ளே தள்ளி குறுக்கே ஒரு பின் போட்டால் வேலை முடிந்தது. நேராக இழுத்தால் இது நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் அந்தக் குழாயே நெம்புகோலாகி சட்டத்தைத் திருகும். இதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தலையாட்டுகிறார்கள்.

மின்சாரப் பகுதிதான் நான் சாப்பிடுகிற சோறு. 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ விஞ்சு முழு இழுப்பில் 400 ஆம்பியருக்கும் மேல் கேட்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது நூறு சொச்சம். மீதியைப் பேட்டரி கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் இழுத்தால் நிறுத்தி மூச்சு விட வேண்டும். அந்த 4,300 கிலோவும் டிரம்மில் கயிறு ஒரே ஒரு சுற்றடுக்காக இருக்கும்போது மட்டும்தான். அடுக்கு ஏற ஏற ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பத்து விழுக்காடு போய்விடும். பெட்டி மேலே அச்சடித்த எண்ணை நம்பி நான்காவது அடுக்கில் இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன்பக்கம் பிரச்சினை இல்லை. பேட்டரியிலிருந்து இரண்டு மீட்டர். போகவும் வரவும் நான்கு. 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 400 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் சொச்சம் வழியிலேயே காணாமல் போகும், பரவாயில்லை. அதே கேபிளைப் பின்பக்கம் வரை ஆறு மீட்டர் இழுத்தால், போகவர பன்னிரண்டு, 2.4 வோல்ட் போச்சு. பன்னிரண்டு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அது சும்மா போகாது. கிட்டத்தட்ட ஆயிரம் வாட் சூடாகக் கேபிளுக்குள்ளேயே இருக்கும். அதனால் பின்பக்கத்துக்கு 70 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்து நான் போடுவதில்லை. விலையைக் கேட்டதும் முகம் சுருங்குகிறவர்களுக்கு முன்பக்கம் மட்டும் மாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

திரும்பிப் போகும் மின்சாரத்தைச் சேசிஸ் வழியாக விட்டால் பாதிக் கேபிள் மிச்சம் என்று ஒரு சிக்கனம் உண்டு. விளக்குக்கும் ஹாரனுக்கும் அது சரி. 400 ஆம்பியரை அப்படி விட்டால், பெயின்ட்டும் துருவும் இருக்கிற எந்த போல்ட்டில் அது பொறி கக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கேபிளும் பேட்டரி முனைக்கே போக வேண்டும். முனைகளை நான் ஈயம் வைத்து ஒட்டுவதில்லை. சூட்டில் ஈயம் இளகும். எண்ணெய் அழுத்தக் கருவியால் நசுக்கிப் பிடித்து, மேலே பசையுள்ள சுருங்கு குழாய் போடுகிறேன். கழற்றி மாட்டும் இடத்துக்கு ஆண்டர்சன் பிளக். அதில் ஆண் பெண் கிடையாது, ஒரே துண்டைத் திருப்பினால் அதோடு அதுவே சேரும். ஆகவே முன்னும் பின்னும் விஞ்சிலும் ஒரே மாதிரிப் பிளக் போதும், இருட்டில் சேற்றில் தடவிப் பார்த்தே மாட்டலாம். 175 ஆம்பியர் வகையும் உண்டு, 350 வகையும் உண்டு. சின்னது மலிவு. நான் பெரியதைத்தான் வைக்கிறேன்.

எல்லோரும் மறக்கிற உறுப்பு, பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கிற கைச்சுவிட்ச். மோட்டாரை முன்னும் பின்னும் திருப்புவது சாலினாய்டுகள். பழைய பெட்டிகளில் நான்கு இருக்கும். பேட்டரி இறங்கி வோல்ட் குறைந்த நேரத்தில் அவற்றின் செம்பு முனைகள் அரைகுறையாகத் தொட்டுப் பொறிந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துவிடும். அப்புறம் ரிமோட்டில் விரலை எடுத்தாலும் விஞ்சு நிற்காது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருக்கும், கொக்கி வந்து விஞ்சின் வாயில் இடித்த பிறகும். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கப் போகிறவனின் விரல் கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவிட்ச் எட்டின தூரத்தில், கயிறு போகும் கோட்டை விட்டு விலகி இருக்க வேண்டும். அத்தா நீராவிக் குழாயின் தலை வால்வை எப்போதும் ஒரு கை தூரத்தில் வைத்துக்கொண்டிருந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

முதல் விஞ்சு என் கடைக்கு வந்தபோது அத்தா இருந்தார். மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். ரிமோட்டைக் கையில் வாங்கி, விளையாட்டுச் சாமான் என்று சிரித்தார். கடையில் நின்ற ஒரு வேனை இழுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இழுக்குது சரிப்பா. கரண்டு போச்சுன்னா யாரு பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார்.

"உள்ளேயே பிரேக் இருக்கு அத்தா. டிரம்முக்குள்ள. மோட்டார் நின்னா அதுவே பிடிச்சுக்கும். காலு வேணாம்."

"கண்ணுக்குத் தெரியாத பிரேக்கா? அப்ப அது தேஞ்சா எப்படித் தெரியும்?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்று வரை அதுதான் இந்த வகை விஞ்சின் பலவீனம். பிரேக் டிரம்மின் உள்ளே இருக்கிறது. சுமையோடு கயிற்றை வெளியே விடும்போது பிரேக் தேய்த்துக்கொண்டேதான் சுற்றும். அந்தச் சூடு டிரம்முக்கு ஏறும். கம்பிக்கயிறு என்றால் அதைத் தாங்கும். இப்போது பலர் விரும்புவது செயற்கை இழைக் கயிறு: எடை குறைவு, கையில் குத்தாது, அறுந்தாலும் கம்பி போலத் திரும்பி வந்து அடிக்காது. கப்பலில் அறுந்த கம்பி என்ன செய்யும் என்று அத்தா சொல்லிக் கேட்டவன் நான். அந்த ஒரு காரணத்துக்காகவே இழைக் கயிற்றுக்கு வோட்டுப் போடுவேன். ஆனால் இழை சூட்டுக்கு ஆகாது. டிரம் சூடானால் முதல் அடுக்கு உருகிக் கெட்டியாகும், அதுவும் மேல் அடுக்குகளுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவு மூழ்கியது. மலைச்சரிவுகள் சரிந்தன, மரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்தன. அந்த வாரம் விளையாட்டுக்கு வாங்கிய விஞ்சுகள் எல்லாம் உழைத்தன. எங்கள் பகுதியில் ஓர் அங்சானா மரத்தை மூன்று பிக்கப்புகள் துண்டு துண்டாக இழுத்து ஒதுக்கின. ஒருவர், தன் விஞ்சுக்குப் பலம் போதாமல், கப்பி ஒன்றை மரத்தில் கட்டிக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்து தன் வண்டியிலேயே மாட்டினார். இழுப்பு இரட்டிப்பானது, வேகம் பாதியானது. பக்கத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பழைய துறைமுகத் தொழிலாளியின் மகன். வண்டியில் இருந்தவருக்கு மரம் தெரியவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்துக்குப் பிறகு வந்த விஞ்சுகளைத் திறந்தபோதுதான், பிரேக் தேய்ந்தால் எப்படித் தெரியும் என்ற அத்தாவின் கேள்விக்கு விடையாக ஒரு சோதனையை வழக்கமாக்கினேன். மாட்டி முடித்ததும் வண்டியைச் சரிவான பாதைக்குக் கொண்டுபோகிறோம். மேலே ஒரு பலமான மரத்தில், பட்டை வெட்டுப்படாதபடி அகல நாடாவைச் சுற்றிக் கயிற்றை மாட்டுகிறோம். கியரை நியூட்ரலில் போட்டு, வண்டி தன்னைத் தானே பாதிச் சரிவு வரை இழுத்துக்கொள்ள விடுகிறோம். நிறுத்தி, பின் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பிடி விட்டால் தடுக்க, கட்டைகளை வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி எடுத்துவிடுகிறேன். டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. தே தாரேக் குடிக்கிற நேரம் விடுகிறோம். கோடு நகராவிட்டால் பணம் வாங்கிக்கொள்வேன். நகர்ந்திருந்தால் டிரம்மைத் திறப்பேன். புதிய விஞ்சாக இருந்தால் பெரும்பாலும் பிரேக்கில் கிரீஸ் பட்டிருக்கும், பழையது என்றால் பிரேக் தகடு கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இருக்கும். கிரீஸைத் துடைத்து மறுபடி சரிவுக்குக் கொண்டுபோகலாம். வழவழத்த தகட்டை மணல்தாளால் தேய்த்துச் சமாளிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் புதிது போடாமல் கொடுப்பதில்லை.